வியாரெஜ்ஜோ கார்னெவால்: போவதற்கு முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

பொங்கல் முடிந்தால் போதும், என் போனுக்கு ஒரே மாதிரி கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். நான் குடியிருப்பது இத்தாலியில், பீசாவில். அங்கிருந்து ரயிலில் இருபது நிமிஷம் போனால் வியாரெஜ்ஜோ. அந்த ஊர்க் கார்னெவாலுக்கு வருஷம் தவறாமல் போகிறவன் என்று பெயர் எடுத்துவிட்டதால், படிக்க வந்த பிள்ளைகள், அவர்களைப் பார்க்க வரும் அப்பா அம்மா, பக்கத்து நாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் என்று யாரும் விடுவதில்லை. ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது. கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

கார்னெவால்னா ராட்டினம், டெல்லி அப்பளம் எல்லாம் இருக்குமே, அதுவா?

இல்லை. நம்மிடம் கார்னிவல் என்ற சொல் பொருட்காட்சிக்குப் போய் ஒட்டிக்கொண்டது. இத்தாலியில் அது கத்தோலிக்க நாட்காட்டியைச் சேர்ந்தது. ஈஸ்டருக்கு முன்னால் நாற்பது நாள் தவக்காலம். அது திருநீற்றுப் புதனன்று தொடங்கும். அதற்குள் ஆடித் தீர்த்து, தின்று தீர்த்துவிடலாம் என்று வைத்துக்கொண்ட நாட்கள்தான் கார்னெவாலே. லத்தீனில் இறைச்சியை விலக்குவது என்ற பொருளில் வந்த சொல் என்பார்கள். புதனுக்கு முந்தின செவ்வாய்க்குப் பெயரே 'கொழுத்த செவ்வாய்'.

கார்னெவால்னா வெனிஸ்தானே? நீங்க ஏன் வேற ஊரைச் சொல்றீங்க?

வெனிஸில் பார்க்க வேண்டியது முகமூடியும் பட்டாடையும். ஆட்கள் மெல்ல நடப்பார்கள், போட்டோவுக்கு நிற்பார்கள். வியாரெஜ்ஜோவில் பார்க்க வேண்டியது வண்டிகள். டஸ்கனிக் கடற்கரையோரச் சாலையில் ஆறு மாடிக் கட்டட உயரத்துக்குக் காகித உருவங்கள் கண்ணை உருட்டி, வாயைத் திறந்து, கையை வீசிக்கொண்டு வரும். இரண்டும் வேறு வேறு சரக்கு.

வண்டிதான் வேண்டும் என்றால் வேறு ஊர்களும் உண்டு. தெற்கே புத்திஞ்ஞானோ, சிசிலியில் அச்சிரேயாலே, போலோஞ்ஞா பக்கம் சென்ட்டோ, ஆட்ரியாட்டிக் கரையில் மிட்டாய் எறியும் ஃபானோ. வடக்கே இவ்ரேயாவில் ஆரஞ்சுப் பழத்தால் அடித்துக்கொள்வார்கள், அது தனிக் கதை. ஒரே ஒரு ஊர்தான் போக முடியும் என்று கேட்டால் நான் வியாரெஜ்ஜோ என்பேன். பக்கத்தில் இருப்பதால் சொல்கிறேன் என்று நினைத்தாலும் சரி.

எந்த மாசம் வரணும்? டிக்கெட் இப்பவே போடலாமா?

தேதி வருஷத்துக்கு வருஷம் நகரும், ஈஸ்டர் நகர்வதால். 2027-ல் கொழுத்த செவ்வாய் பிப்ரவரி 9. 2028-ல் பிப்ரவரி 29. வியாரெஜ்ஜோவில் ஒரே ஒரு நாள் ஊர்வலம் இல்லை. ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் ஐந்தாறு ஊர்வலங்கள், பெரும்பாலும் வார இறுதிகளில். அதனால் கொழுத்த செவ்வாயை மட்டும் குறிவைத்து விமான டிக்கெட் போட வேண்டாம். அந்த வருஷத்தின் ஊர்வலத் தேதிகள் பல மாதம் முன்பே அறிவிக்கப்பட்டுவிடும். அதைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருகிறவர்கள் ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஜனவரியில் ஞாபகம் வந்து ஓடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

தெருவுல நடக்குறதுக்கு எதுக்கு டிக்கெட்?

ஊர்வலம் நடக்கும் கடற்கரைச் சாலையை அன்றைக்குத் தடுப்புப் போட்டு மூடிவிடுவார்கள். வாசலில் டிக்கெட் காட்டித்தான் உள்ளே போகலாம். அண்மை வருஷங்களில் பெரியவர்களுக்கு 20 யூரோவை ஒட்டி இருந்தது. பல ஊர்வலத்துக்கும் சேர்த்து ஒரே சீட்டு உண்டு; உட்கார்ந்து பார்க்க மேடைப் படிகளுக்குத் தனிக் காசு. சின்னப் பிள்ளைகளுக்கு இலவசம், ஆனால் கணக்கு வயதை வைத்து இல்லை, உயரத்தை வைத்து: 1.20 மீட்டருக்குள் இருக்க வேண்டும். வாசலில் பிள்ளையைக் குனியச் சொல்லும் அப்பாக்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

எப்படிப் போறது? கார் எடுக்கலாமா?

ரயில். பீசாவிலிருந்தும் லூக்காவிலிருந்தும் இருபது, இருபத்தைந்து நிமிஷம். ஃப்ளோரன்ஸிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனில் இறங்கிக் கூட்டம் போகும் பக்கம் நடந்தால் கால் மணி நேரத்தில் கடல். காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்தில் உள்ள மெஷினில் குத்திக்கொள்ளுங்கள், மறந்தால் அபராதம். கார் எடுத்தால் ஊர்வலத்தைவிடப் பார்க்கிங் தேடிய கதையைத்தான் வீட்டுக்கு வந்து சொல்வீர்கள்.

திரும்பும்போதுதான் சோதனை. ஊர்வலம் முடிந்த கையோடு எல்லோரும் ஒரே ரயிலைப் பிடிக்க ஓடுவார்கள். ஒன்று, முடிவதற்கு அரை மணி முன்பே கிளம்புங்கள். இல்லை, இருந்து ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டு வாருங்கள்.

நாங்கள் சூரிச்சில இருந்து வாறம். காலமை வெளிக்கிட்டு இரவு திரும்பலாமோ?

ஏலாது அண்ணை. மிலானுக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல், அங்கிருந்து வியாரெஜ்ஜோவுக்கு இன்னும் அவ்வளவு. ஒரு இரவு தங்குங்கள். வியாரெஜ்ஜோவில் அறை கிடைக்காவிட்டால் லூக்காவிலோ பீசாவிலோ தங்கலாம், கார்னெவால் நாட்களில் அதுதான் மலிவும்கூட. அடுத்த நாள் காலையை வீணாக்க வேண்டாம். என்ன செய்வது என்பதைக் கொஞ்சம் கீழே, வண்டி செய்யும் கொட்டகைகளைப் பற்றிய பதிலில் சொல்கிறேன்.

எந்த இடத்துல நின்னா நல்லாத் தெரியும்?

நிற்கவே நிற்காதீர்கள். முதல் வருஷம் நான் செய்த தப்பு அது. ஒரு மணிக்கே போய்த் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சுவாமி புறப்பாட்டுக்குக் காத்திருப்பதுபோல மூன்று மணி நேரம் அசையாமல் நின்றேன். வண்டிகள் ஒரு தடவை வந்துவிட்டுப் போய்விடும் என்று நினைப்பு.

இந்த ஊர்வலம் நேராகப் போகிற ஒன்று இல்லை, வட்டம். கடற்கரைச் சாலையின் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு நீண்ட வளையம். வண்டிகள் ஒரு பக்கம் போய் மறுபக்கம் திரும்பி வரும். மூன்று முறை பீரங்கி வெடித்ததும் கிளம்பும், ஏறக்குறைய மூன்று மணி நேரம் சுற்றும். நாமும் வளையத்துக்குள்ளேயே நடக்கலாம். வண்டிக்குப் பக்கத்திலேயே, பாட்டோடு ஆடிக்கொண்டு போகலாம். அப்படியே எதிர்த் திசையில் ஒரு சுற்று நடந்தால் எல்லா வண்டியையும் முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று பார்த்துவிடலாம்.

பின்பக்கத்தைத் தவறவிடாதீர்கள். முன்னால் ராட்சதத் தலை சிரித்துக்கொண்டிருக்கும். பின்னால் இரும்புச் சட்டத்துக்குள் நாலு பேர் வேர்க்க விறுவிறுக்கக் கயிற்றையும் நெம்புகோலையும் இழுத்துக்கொண்டிருப்பார்கள். தலை ஏன் இடது பக்கம் திரும்பியது என்பது அங்கே போனால்தான் தெரியும். இப்போது ஹைட்ராலிக்ஸும் வந்துவிட்டது, ஆனாலும் கையால் இழுக்கும் அசைவில் ஒரு உயிர் இருக்கிறது. சக்கரத்துக்கும் முன்னால் இழுக்கும் டிராக்டருக்கும் மட்டும் தள்ளியே இருங்கள்.

அவ்வளவு பெரிய பொம்மையை எதுல செய்றாங்க? தெர்மாகோலா?

காகிதம். பழைய செய்தித்தாள். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் முதலில் நம்புவதில்லை.

ஆரம்பக் காலத்தில் வண்டிகளைச் செய்தவர்கள் இந்த ஊர்க் கப்பல் தச்சர்களும் சிற்பிகளும். வியாரெஜ்ஜோ கப்பல் கட்டும் ஊர். மரம், சணல், அதன்மேல் சுண்ணச் சாந்து என்று செய்தார்கள். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் கனம். பெரிதாக்கவும் முடியாது, அசைக்கவும் முடியாது. 1925-ல் அந்தோனியோ தார்லியானோ என்ற வண்டிக் கலைஞர் ஒரு வழி கண்டுபிடித்தார். முதலில் களிமண்ணில் உருவத்தைப் பிடிப்பது. அதன்மேல் சுண்ணச் சாந்தை ஊற்றி அச்சு எடுப்பது. அந்த அச்சுக்குள் செய்தித்தாள் துண்டுகளை மைதாப் பசையில் நனைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே வருவது. காய்ந்ததும் பிரித்தால் உள்ளே வெறும் கூடு. துண்டு துண்டாக இப்படி எடுத்து, இரும்புச் சட்டத்தில் பூட்டி, வண்ணம் அடித்துவிட்டால் தலை தயார்.

கார்த்தாபெஸ்தா என்பது இதற்கு அவர்கள் சொல்லும் பெயர். நேராகச் சொன்னால் இடித்த காகிதம். நம் கொலு பொம்மைக் காகிதக்கூழ் ஞாபகம் வரும், ஆனால் இங்கே கூழ் கிடையாது, துண்டுதான். அதனால்தான் இவ்வளவு லேசு. ஒரு கொட்டகையில் இன்னும் பூசாத மூக்கு ஒன்றை என் கையில் கொடுத்தார்கள். என் நெஞ்சு உயரம் இருக்கும், ஒற்றைக் கையால் தூக்கிவிட்டேன். வெளிப்பக்கம் வழவழவென்று இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் கால்பந்து முடிவுகளும் ஒரு மரண அறிவிப்பும் தலைகீழாக ஒட்டியிருந்தன. தோசை மாவு புளிக்க ஆரம்பிக்கும்போது வருமே, அந்த வாசனை.

கூடு லேசு என்றாலும் மொத்த வண்டி லேசு இல்லை. முதல் வகை எனப்படும் மிகப் பெரிய வண்டிகள் 20 மீட்டர் உயரத்தைத் தொடும். இரும்பும் இயந்திரமும் மேலே வேஷம் கட்டி ஆடும் நூற்றுக்கணக்கான ஆட்களும் சேர்ந்தால் டன் கணக்கில் போகும்.

அதைச் செய்றதை நாம நேர்ல பார்க்க முடியுமா?

முடியும், பார்க்கவும் வேண்டும். 2001 டிசம்பரில் ஊரின் வடக்கே 'சித்தாதெல்லா தெல் கார்னெவாலே' என்று ஒரு வளாகம் திறந்தார்கள், கார்னெவால் கோட்டை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பெரிய முற்றம், அதைச் சுற்றிப் பதினாறு கொட்டகைகள். வண்டிகள் பிறப்பது அங்கேதான். அருங்காட்சியகமும் அதே வளாகத்தில். கடற்கரையிலிருந்து நடக்கக் கொஞ்சம் தூரம். பஸ்ஸோ டாக்ஸியோ பிடித்துவிடுங்கள். அருங்காட்சியக நேரம் மாறிக்கொண்டே இருக்கும், கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர்வலத்துக்கு முந்தின நாளோ அடுத்த நாள் காலையோ போங்கள். சூரிச் அண்ணைக்குச் சொன்னது இதைத்தான். மேலே சொன்ன அச்சு, பசை, கூடு எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துவிட்டு ஊர்வலத்துக்குப் போகிறவருக்கும் போகாதவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. பார்க்காதவருக்கு அது பெரிய பொம்மை.

இதுக்கெல்லாம் பரிசு உண்டா? போட்டியா?

போட்டிதான், அதுவும் கடுமையான போட்டி. பெரிய வண்டிகள் முதல் வகை, சற்றுச் சிறியவை இரண்டாம் வகை. அது போகக் கூட்டாக வேஷம் கட்டி வருகிறவர்கள், தனி ஆளாக ஒரே உருவத்தைத் தூக்கி வருகிறவர்கள். கால்பந்து லீக் மாதிரி, முதல் வகையில் கடைசியாக வந்தவர் கீழே இறங்க வேண்டிவரும், கீழே ஜெயித்தவர் மேலே ஏறுவார். வண்டி செய்வது இங்கே பொழுதுபோக்கு இல்லை, தொழில். அப்பா, பிள்ளை, பேத்தி என்று போகும் குடும்பங்கள் உண்டு. முடிவு கடைசி ஊர்வலத்தோடு வரும், பிறகு வாணவேடிக்கை. அன்று காப்பிக் கடையில் நடுவர்களைப் பற்றிப் பேசும் பேச்சைக் கேட்டால் இத்தாலியன் கெட்ட வார்த்தை முழுக்கக் கற்றுக்கொள்ளலாம்.

எல்லா வண்டியிலயும் அரசியல்வாதி முகமா இருக்கே, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்களா?

கோபம் வரும், வழக்கமாக வாயைத் திறக்க மாட்டார்கள். 'கார்னெவாலேயில் எந்தக் குறும்பும் செல்லும்' என்று இத்தாலியில் பழமொழியே இருக்கிறது. வியாரெஜ்ஜோவின் முதல் ஊர்வலம் 1873 பிப்ரவரி 24-ல், ஊருக்குள் ரெஜ்யா தெருவில் நடந்தது. பணக்காரப் பிள்ளைகள் காப்பிக் கடையில் உட்கார்ந்து போட்ட திட்டம். ஆனால் அதே நாளில் சிலர் வரி தாங்க முடியவில்லை என்று காட்ட முகமூடி போட்டு வந்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். நையாண்டி அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

ஆகவே ஒவ்வொரு வண்டியும் தெருவில் ஓடும் கேலிச்சித்திரம். 2019-ல் ஃபாப்ரீட்சியோ கல்லி செய்த வண்டியில் டிரம்ப் தங்கக் கவசம் பூட்டிய ராட்சதப் பேரரசராக வந்தார். கையில் பெரிய வாள், அதில் ட்விட்டர் குருவிகள். உலகம் முழுக்க அந்தப் படம் சுற்றியது. அதே வருஷம் இன்னொரு வண்டியில் பிளாஸ்டிக் குப்பைக் கடலில் ஒரு திமிங்கலம். போகுமுன் ஒரு வாரம் இத்தாலியச் செய்தியைப் புரட்டிவிட்டுப் போங்கள். பிரதமர் யார், எதிர்க்கட்சியில் யார், எதற்குச் சண்டை என்று தெரிந்தால் பாதி வண்டி புரிந்துவிடும். மீதிக்குப் பக்கத்தில் நிற்கும் பாட்டியைக் கேளுங்கள். மொழி தெரியாவிட்டாலும் கையாலேயே விளக்கிவிடுவார்.

போஸ்டர்ல சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கோமாளி யாரு?

புர்லமாக்கோ, ஊரின் முகம். உபெர்தோ பொனெத்தி என்ற ஓவியர் 1930-ல் வரைந்தார், 1931 போஸ்டரில் முதன்முதலாக வந்தது. ஊரின் நடுவே துறைமுகத்துக்கு ஓடும் புர்லமாக்கா கால்வாயிலிருந்து பெயர். உடைக்கு, பழைய இத்தாலிய நாடகக் கோமாளிகள் ஆளுக்கு ஒன்று கடன் கொடுத்தது போல இருக்கும்: ஒருவர் தொப்பி, ஒருவர் கறுப்புப் போர்வை, ஒருவர் கழுத்து மடிப்பு. சிவப்பும் வெள்ளையும் அந்தக் காலக் கடற்கரைக் குடைகளின் நிறம் என்பார்கள். கூட நிற்கும் நீச்சல் உடைப் பெண் ஒந்தீனா. இந்த ஊருக்குப் பிப்ரவரியில் கார்னெவால், ஜூலையில் கடற்கரை. இரண்டையும் ஒரே போஸ்டரில் விற்றுவிட்டார் பொனெத்தி.

நாலு வயசுப் பொண்ணு இருக்கா. பயப்படுவாளா?

சில பிள்ளைகள் பயப்படும். தூரத்தில் சிரிக்கும் தலை பக்கத்தில் வரும்போது வாயைப் பிளக்கும், ஒலிபெருக்கி காதைப் பிளக்கும். முதலில் இரண்டாம் வகை வண்டிப் பக்கம் காட்டிப் பழக்குங்கள். தோளில் தூக்கிக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். தூவி எறியும் காகிதப் பொட்டுப் பை ஒன்று வாங்கிக் கையில் கொடுத்துவிட்டால் மீதியும் போய்விடும்.

அந்தக் காகிதப் பொட்டுக்கு இங்கே பெயர் கோரியாந்தொலி. கேட்டதும் கொத்தமல்லி ஞாபகம் வந்தால் சரியாகத்தான் பிடித்தீர்கள். அந்தக் காலத்தில் சர்க்கரைப் பாகில் உருட்டிய கொத்தமல்லி விதையைத்தான் எறிந்தார்கள். விதை போய்க் காகிதம் வந்தது, பெயர் போகவில்லை. கடையில் ஆங்கிலத்தில் சொல்வதுபோலக் கன்ஃபெத்தி என்று கேட்காதீர்கள், கல்யாணத்தில் கொடுக்கும் பாதாம் மிட்டாயை எடுத்து நீட்டுவார்கள். தரையில் கிடக்கும் பொட்டை அள்ளி எறிய மட்டும் பிள்ளைகளை விடாதீர்கள், அதில் மண்ணும் கல்லும் சேர்ந்து வரும்.

வேஷம் போடாம போனா ஒரு மாதிரிப் பார்ப்பாங்களா?

மாட்டார்கள். ஆனால் ஒரு தொப்பியாவது, மூக்காவது மாட்டிக்கொண்டால் நீங்களும் ஆட்டத்தில் சேர்த்தி. ஒரு வருஷம் என் தங்கை பட்டுப் புடவையில் வந்தாள், வேஷம் என்று நினைத்து எட்டுப் பேர் கூட நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவளுக்குக் கோபமா பெருமையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. புடவைக்குள் தெர்மல் போட்டிருந்தாள் என்பது முக்கியம். பிப்ரவரிக் கடல் காற்று, வெயில் இறங்கியதும் எலும்பில் குத்தும்.

நான் சைவம். பட்டினிதானா?

இல்லவே இல்லை. செச்சீனா என்று ஒன்று கேளுங்கள். கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். பெரிய தட்டில் ஊற்றி அடுப்பில் சுட்டு, மேலே மிளகு தூவித் தருவார்கள். மேல் மொறுமொறு, உள்ளே அடை மாதிரி. சூடாக இருக்கும்போதே தின்றுவிட வேண்டும், ஆறினால் ரப்பர்.

இனிப்பில் சென்ச்சி வாங்குங்கள். கந்தல் துணி என்று பொருள். மெல்லிய மாவைக் கிழித்துப் பொரித்து, பொடிச் சர்க்கரை போட்டிருப்பார்கள். முட்டை உண்டு. அரிசியில் செய்த ஃப்ரித்தெல்லே உருண்டையும் நன்றாக இருக்கும். முட்டையே வேண்டாதவர்கள், பன்றிக் கொழுப்பு கலந்திருக்குமோ என்று யோசிப்பவர்கள், 'ஸ்த்ரூத்தோ?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதுதான் அந்தக் கொழுப்பின் பெயர். சில ரொட்டியிலும் சேர்ப்பார்கள்.

மழை பெஞ்சா என்ன பண்ணுவாங்க? காகிதமாச்சே!

இதுதான் எல்லோரையும் மடக்கும் கேள்வி. மேலே வண்ணமும் பூச்சும் இருப்பதால் தூறலுக்குக் கரைந்துவிடாது. கனமழையும் காற்றும்தான் ஆபத்து, அதிலும் காற்று. அந்த உயரத்துக்கு வண்டி பாய்மரம் மாதிரி ஆகிவிடும். அப்படி என்றால் ஊர்வலத்தை வேறு நாளுக்குத் தள்ளுவார்கள். டிக்கெட் வழக்கமாகத் தள்ளிவைத்த நாளுக்குச் செல்லும், காசு திரும்ப வருவது அபூர்வம். அதனால்தான் முதலிலேயே ஒரு நாளை மட்டும் குறிவைக்க வேண்டாம் என்றேன். ஒரு வார இறுதி முழுக்கக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கொரோனாவின்போது, 2021-ல், மொத்தக் கார்னெவாலையே செப்டம்பருக்குத் தள்ளினார்கள். தவக்காலமும் இல்லை, குளிரும் இல்லை, ஆனாலும் வண்டிகள் ஓடின.

சாயங்காலம் முடிஞ்சதும் கிளம்பிடலாமா, வேற ஏதாவது இருக்கா?

பேட்டைகளில் நடக்கும் ராத்திரிக் கொண்டாட்டம் இருக்கிறது. அதில் பெயர் போனது தார்சேனா பேட்டையுடையது, கப்பல் பட்டறைகள் இருக்கும் பக்கம். தெருவில் நீள மேஜை போட்டு மீன் பொரிப்பார்கள், பாட்டு, ஆட்டம். வெளியூர்க்காரர்கள் பகலோடு போய்விடுவதால் ராத்திரி பெரும்பாலும் ஊர்க்காரர்கள்தான். கடைசி ரயில் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு இருங்கள்.

எல்லாம் முடிஞ்சப்புறம் அந்த வண்டிகளை எங்க வைப்பாங்க?

வைக்க மாட்டார்கள். சில உருவங்கள் அருங்காட்சியகத்துக்குப் போகும், சில வேறு ஊர்க் கார்னெவால்களுக்கு விலை போகும். மற்றவற்றைப் பிரித்துவிடுவார்கள். அடியிலுள்ள இரும்புச் சட்டம் அடுத்த வருஷ வண்டிக்கு. ஒரு மார்ச் மாதம் கொட்டகைப் பக்கம் போனபோது, இரண்டு வாரம் முன்பு சாலையில் கண்ணடித்துக்கொண்டு வந்த ஒரு ராட்சதப் பெண் முகம் முற்றத்தில் குப்புறக் கிடந்தது. பக்கத்தில் ஒரு பையன் ஸ்பானரால் கழுத்து போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். உள்ளே எட்டிப் பார்த்தேன், வழக்கம்போலச் செய்தித்தாள்தான். வேண்டுமா என்று கேட்டுவிட்டு, காதிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தான். ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் ரோஜா நிறம், மறுபக்கம் பாதி வானிலை அறிக்கை.